குழம்பைப் பார்த்துக் கையை நகர்த்து: வீட்டில் வெல்டிங் பழக ஓர் அறிமுகம்

வெல்டிங் பழகத் தொடங்குகிறவரின் கண் முதலில் போவது அந்த வெளிச்சத்தின் மேல். வேலை நடப்பதோ அதற்குச் சற்றுப் பின்னால், ராடு என்ற பூச்சிட்ட வெல்டிங் கம்பியின் நுனியை ஒட்டி 6, 7 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேங்கி நிற்கும் இரும்புக் குழம்பில். அந்தக் குழம்பு எவ்வளவு அகலமாக இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, ராடின் பூச்சு உருகி உண்டாகும் கசடு அதை முந்துகிறதா என்று பார்த்துக் கையை நகர்த்தத் தெரிந்துவிட்டால் பாதி வேலை வந்துவிட்டது. பைப்பில் ஓட்டை விழுவது, மேலே திட்டாகப் படிந்து உள்ளே பிடிக்காமல் போவது, மண்புழு போட்டதுபோல் நெளிவது, இவை பெரும்பாலும் குழம்பைக் கவனிக்காததால் வருபவை. மீதிப் பாதி, அதே குழம்பு ஆறும்போது சுருங்கி, சதுரமாக வைத்ததைக் கோணலாக இழுப்பதைச் சமாளிப்பது.

வீட்டில் சிங்கிள் பேஸ் லைன், சிறிய இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல, வெல்டிங் மெஷினில் ஒரு வகை), 6013 வகை ராடு, ஒரு இன்ச் ஸ்கொயர் பைப். இந்த நான்கை வைத்தே இக்கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. சுருளிலிருந்து கம்பி தானாக வந்து உருகும் மிக் மெஷின் சுலபம் என்பார்கள். கை பழகுவது உண்மையிலேயே அதில் சீக்கிரம். ஆனால் அதற்குக் குழம்பைக் காற்றிலிருந்து மறைக்கும் காஸ் சிலிண்டர் வேண்டும், மொட்டை மாடியில் காற்றடித்தால் காஸ் கலைந்துவிடும். டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பும் டிக் முறை அதைவிட நிதானமான, சுத்தமான இரும்பு கேட்கும் வேலை. லேசான துருவையும் காற்றையும் பொறுத்துக்கொண்டு, குறைந்த செலவில் தொடங்கவிடுவது ராடு வெல்டிங்தான்.

உள்ளே நடப்பது என்ன

ஈயம் வைத்து ஒட்டும்போது ஈயம் மட்டும் உருகும். ஒட்டப்படும் செம்புக் கம்பி உருகாது. வெல்டிங்கில் சேரவேண்டிய இரண்டு விளிம்புகளும் உருக வேண்டும். மென் இரும்பு ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸில் உருகும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையில் எழும் ஆர்க்கின் (தாவும் மின்சுடரின்) வெப்பம் அதைவிடப் பல மடங்கு. இரண்டு விளிம்பும் ராடுக்குள் இருக்கும் கம்பியும் ஒரே குழம்பாகிக் கலந்து உறைகின்றன. விளிம்பு உருகாமல் ராடு மட்டும் உருகி மேலே விழுந்தால் அது வெறும் பூச்சு. வெளியிலிருந்து பார்க்க அழகாகக்கூட இருக்கும், சுத்தியலால் ஒரு அடி போட்டால் கழன்று வரும்.

ராடின் மேலுள்ள சாம்பல் நிறப் பூச்சு இரண்டு வேலை செய்கிறது. எரிந்து புகையாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் குழம்பைத் தொடாமல் தடுக்கிறது. உருகிக் கசடாகி, உறையும் இரும்பின் மேல் போர்வையாக நிற்கிறது. தொடக்க காலத்தில் பூச்சில்லாத வெறுங்கம்பியால்தான் பற்றவைத்தார்கள். அந்த இணைப்புகள் துளைகளோடு, எளிதில் உடைபவையாக இருந்தன. பூச்சிட்ட ராடைக் கொண்டுவந்தவர் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி. 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே.

6013 என்ற எண்ணையும் படிக்கத் தெரிந்துகொள்ளலாம். 60 என்பது படிந்த உலோகத்தின் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்த 1, எல்லா நிலையிலும் (படுக்கையாக, நிமிர்த்தி, தலைக்கு மேலே) போடலாம் என்பதற்கு. கடைசி எண் பூச்சின் வகையைக் காட்டுகிறது. 7018 இன்னும் வலுவானது என்று கேள்விப்பட்டு அதை வாங்கிவர வேண்டாம். அதன் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொண்டால் பயனில்லை. பட்டறைகளில் அதற்கென்றே சூடேற்றும் பெட்டி வைத்திருப்பார்கள். வீட்டு நாற்காலிக்கும் பூந்தொட்டி ஸ்டாண்டுக்கும் 6013 தாராளம்.

மெஷின், லைன், கரண்ட்

மெஷினில் 200 என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டில் நாம் பயன்படுத்தப்போவது 40 முதல் 90 ஆம்பியர். பார்க்கவேண்டியது டியூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் பற்றவைக்கலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும். வீட்டு வேலையில் அளப்பதற்கும் தட்டிச் சுத்தம் செய்வதற்குமே நேரம் போய்விடுவதால் இது பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் மட்டும் மெஷின் சீக்கிரம் சூடாகி நின்றுவிடும், நிழலில் வையுங்கள்.

80 ஆம்பியரில் பற்றவைக்கும்போது சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் வீட்டு லைனிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். 100-ஐத் தாண்டினால் 16 ஆம்பியர் பிளக்குக்கே அதிகம். ஆகவே டிவி, பேன் மாட்டும் சிறிய சாக்கெட் ஆகாது. ஏசிக்குப் போட்டதுபோல் தனி வயர், 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போட்டால் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, நீளம் அதிகமென்றால் 4. அதைச் சுருளாக வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது, முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுருட்டிய வயர் சூடாகி உள்ளுக்குள்ளேயே உருகும். மெல்லிய எக்ஸ்டென்ஷனில் போட்டுவிட்டு "மெஷின் சரியில்லை, ராடு ஒட்டுது" என்பவர்கள் ஏராளம். மெஷினுக்கு வோல்டேஜ் வந்துசேரவில்லை என்பதுதான் அங்கே விஷயம்.

இன்னொரு குழப்பம் எர்த். வேலையில் மாட்டும் கிளாம்பைப் பட்டறையில் எர்த் என்றே சொல்வார்கள். அது வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் வழி. ஷாக்கிலிருந்து காப்பாற்றும் எர்த் மூன்று முனை பிளக்கின் பெரிய முனையில் வருவது. கிளாம்ப் மாட்டியிருக்கிறதே என்று அந்த முனையை விட்டுவிட முடியாது. கிளாம்பைத் துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இடத்தில், இணைப்புக்குப் பக்கத்தில் கடியுங்கள். ஆர்க் விட்டுவிட்டு எரிந்தால் கரண்ட்டைத் திருகுவதற்கு முன் கிளாம்பைப் பாருங்கள்.

ராடுகளைக் கடையில் கேஜ் கணக்கில் கேட்பார்கள். 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 12 கேஜ் 2.5, 10 கேஜ் 3.15. அளவு என்பது பூச்சை விட்டு உள்ளே இருக்கும் கம்பியின் தடிமன். 2 மி.மீ. ராடுக்கு 40 முதல் 60 ஆம்பியர், 2.5-க்கு 60 முதல் 90, 3.15-க்கு 90 முதல் 130. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், அதன் நடு எண்ணில் தொடங்குங்கள். 2.5 மி.மீ. ராடு கிலோவுக்கு ஏறக்குறைய 50 வரும். திறந்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஐப்பசி மழையில் வெளியே கிடந்த ராடு வெடித்து வெடித்து எரியும், வெல்டிங்கில் ஊசித்துளைகள் விழும்.

மெஷினின் பிளஸ், மைனஸ் முனை இரண்டிலும் 6013 எரியும். ராடை பிளஸ்ஸில் மாட்டினால் ஊடுருவல் ஆழம், மைனஸ்ஸில் மாட்டினால் மேலோட்டம். மெல்லிய பைப்புக்கு ராடு மைனஸ், 5 மி.மீ.க்கு மேற்பட்ட பட்டைக்கு ராடு பிளஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கண், தோல், மூச்சு

பற்றவைக்கும் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்பரப்பைச் சுடும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. 6, 8 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தித் தண்ணீர் ஊற்றும். வழக்கமாக ஓரிரு நாளில் சரியாகும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள். 60 முதல் 160 ஆம்பியர் வரை 10-ஆம் எண் ஷேடு (கண்ணாடியின் இருட்டு அளவு) போதும். தானாக இருளும் ஹெல்மெட் வாங்கினால் பழகுவது பாதி நேரத்தில் முடியும், ஏனென்றால் ராடை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே தொடங்கலாம். வேலைக்கு முன் வெயிலைப் பார்த்துத் திருப்பி அது இருள்கிறதா என்று சோதியுங்கள். மெஷினுக்கா ஹெல்மெட்டுக்கா என்று காசைப் பங்கிட வேண்டியிருந்தால் ஹெல்மெட் பக்கம் சாயுங்கள். கையில் பிடிக்கும் கண்ணாடியோடு ஒற்றைக் கையில் பழகுவது வீண் பாடு. பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிர்தான். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பியும் வரும்.

கெட்டியான பருத்திச் சட்டை, முழுக்கை. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பேண்ட் ஷூவை மூட வேண்டும்; ஷூவுக்குள் மடித்துச் செருகினால் பொறி நேராக உள்ளே போகும். செருப்பு போட்டுக்கொண்டு பற்றவைக்கும் ஆட்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம், அவர்கள் பாதத்தையும் பாருங்கள். கையுறை வியர்வையில் நனைந்தால் மாற்றுங்கள். ராடு சும்மா நிற்கும்போது அதில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். உலர்ந்த தோலுக்கு அது பெரிதாகத் தெரியாது, நனைந்த உடம்பில் ஆபத்து. மழையிலோ ஈரத் தரையிலோ வேலை வேண்டாம்.

புகையில் தலையை நீட்டாமல், காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி நின்றுகொள்ளுங்கள். ஜி.ஐ. பைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும்; அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை, நுரையீரலுக்குள் போனதைப் பால் ஒன்றும் செய்யாது. கடையில் கறுப்பு எம்.எஸ். (மென் இரும்பு) பைப் என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் டாங்க், பெயின்ட் டிரம், எண்ணெய் டின் எதையும், காலியாகவே இருந்தாலும், கழுவியே இருந்தாலும், தொடாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி போதும். கீற்றுக் கொட்டகையின் கீழே, துணிக்கொடி, காஸ் சிலிண்டர், ஸ்கூட்டர் பக்கத்தில் வேலை இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும். முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள். பொறி புகைந்து பற்றுவதற்கு நேரம் எடுக்கும்.

இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் கிரைண்டரில் கை போகிறவர்கள் வெல்டிங்கில் சுட்டுக்கொள்கிறவர்களைவிட மோசமாக அடிபடுகிறார்கள். நம் ஊர் 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். வீலை மூடும் கார்டைக் கழற்றக்கூடாது. 1 மி.மீ. கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்கக்கூடாது, தேய்க்க கிரைண்டிங் வீலோ, உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய பிளாப் டிஸ்கோ இருக்கிறது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது.

பட்டையில் பழகுவது

நேராகப் பைப்பில் தொடங்கினால் ஓட்டைதான் விழும். 50×6 மி.மீ. பட்டை ஒரு மீட்டர் வாங்குங்கள், எடை 2.4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 100 மி.மீ. துண்டுகளாகப் பத்து அறுத்துக்கொண்டு, மேல்பரப்பைப் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். ராடு 2.5, கரண்ட் 75 முதல் 80. சாக்பீஸ் கோடு வெளிச்சத்தில் தெரியாது, ஆக்ஸா பிளேடால் கீறிய கோடு தெரியும்.

ராடு நுனியைப் பட்டையில் லேசாக உரசி, எரிந்ததும் 2, 3 மி.மீ. தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைப் பக்கவாட்டில் சொடுக்கினால் விடும். விடாவிட்டால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடைக் கழற்றிவிடுங்கள், ஹெல்மெட்டை மட்டும் தூக்காதீர்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒட்டும். கரண்ட் குறைவு, ராடு நுனியில் பூச்சு உதிர்ந்திருப்பது, தொட்டுவிட்டுத் தூக்கத் தயங்குவது, காரணம் இந்த மூன்றில் ஒன்று.

ஆர்க்கின் நீளம் ராடின் தடிமன் அளவுக்கு, அதாவது 2.5 மி.மீ. இருக்க வேண்டும். கண்ணால் அதை அளக்க முடியாது, காதால் முடியும். சரியான நீளத்தில் வடை பொரியும் சத்தம் சீராகக் கேட்கும். நீளம் கூடினால் சத்தம் ஊளையிட்டு, பொறி நாலாபக்கமும் தெறித்து, குழம்பு அகன்று தட்டையாகும். ராடு எரிந்து குறைந்துகொண்டே வருவதால் கை இரண்டு திசையில் நகர வேண்டும்: கோட்டின் வழியே பக்கவாட்டில், கூடவே கீழ்நோக்கி. இந்தக் கீழிறக்கத்தை மறப்பதுதான் புதியவர்களின் ஆர்க் பாதியில் நீண்டு அணைவதற்குக் காரணம்.

ராடு செங்குத்திலிருந்து 10, 15 டிகிரி போகும் திசைப் பக்கம் சாய்ந்து, ஆர்க் பின்னால் குழம்பைப் பார்த்தபடி இருக்கட்டும். தள்ளிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போங்கள். தள்ளினால் கசடு குழம்புக்கு முன்னால் ஓடிவிடும், அதன் மேல் இரும்பு படிந்து உள்ளே கசடு மாட்டிக்கொள்ளும்.

இப்போது குழம்பு. ஆர்க்கை ஒட்டிக் கண்ணாடிபோல வழுவழுப்பாக நிற்பது உருகிய இரும்பு. அதன் பின்னால் நெளிந்து நெளிந்து, திட்டுத்திட்டாக அசைந்து வருவது கசடு. 6013-இன் கசடு இளகலானது, இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில மணி நேரப் பழக்கம் தேவைப்படும். பார்க்கத் தெரிந்தபின் விதி ஒன்றுதான்: குழம்பின் அகலம் ராடின் தடிமனைப்போல் இரண்டரை மடங்கைத் தொட்டதும் நகருங்கள், அந்த அகலம் மாறாத வேகத்தில் போங்கள். அகலம் கூடினால் வேகத்தைக் கூட்டுங்கள், குறைந்தால் நிதானியுங்கள். கசடு ஆர்க்கின் கீழே ஓடி வந்தால் ராடைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து, ஆர்க்கைக் குறுக்குங்கள். 350 மி.மீ. ராடு ஒன்று ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் எரியும், 150 முதல் 200 மி.மீ. கோடு தரும். 50 மி.மீ. மிச்சமிருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

ஆறியபின் சிப்பிங் ஹாமரால் (கூர்முனைச் சுத்தியலால்) கசடைத் தட்டுங்கள், இருட்டில்லாத பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். சூடான கசடு கண்ணை நோக்கித் தெறிக்கும். சரியாக விழுந்த வெல்டிங்கில் கசடு பெரிய துண்டாகக் கழன்று வரும். சுரண்ட வேண்டியிருந்தால் கரண்ட் குறைவு அல்லது ஓரத்தில் கசடு மாட்டியிருக்கிறது. கோடு உயரமாக, உருளையாக, ஓரம் ஒட்டாமல் நின்றால் கரண்ட் போதவில்லை. கோட்டின் இரு ஓரத்திலும் வாய்க்கால் விழுந்திருந்தால் கரண்ட் அதிகம் அல்லது ஆர்க் நீளம். ஊசித்துளைகள் தெரிந்தால் ஈர ராடு, துரு, பெயின்ட், நீண்ட ஆர்க், இந்த வரிசையில் சந்தேகியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்; கரண்ட்டையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

படுக்கைக் கோடு சீராக வந்ததும் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி, மூலையில் ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். ஆறட்டும். பற்றவைக்காத பக்கத்திலிருந்து வெல்டிங் பக்கத்தை நோக்கி மடங்கும்படி சுத்தியலால் அடித்து உடையுங்கள், உடைந்த இடத்தைப் பாருங்கள். இரண்டு பட்டையிலும் இரும்பு பிய்ந்து வந்திருந்தால் உருகிப் பிடித்திருக்கிறது. ஒரு பட்டையின் மூலை அறுத்தது அறுத்தபடி கூர்மையாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் உருகவே இல்லை. மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே என்ன என்பதை இந்த உடைப்பு சொல்லிவிடும். மூலையில் இரண்டு பட்டைகள் சூட்டை உறிஞ்சுவதால் படுக்கைக் கோட்டுக்கு வைத்ததைவிட 5, 10 ஆம்பியர் கூட்ட வேண்டியிருக்கும்.

மெல்லிய பைப்

25×25 மி.மீ. ஸ்கொயர் பைப் 16 கேஜில் 1.6 மி.மீ. தடிமன், 6 மீட்டர் நீளம், எடை 7 கிலோ சுமார். 18 கேஜ் 1.2 மி.மீ. தான், விலை குறைவு என்று அதை வாங்கினால் பழகும் கைக்குத் தாங்காது. 16 கேஜில் 2.5 ராடுக்கு 55 முதல் 65 ஆம்பியர், 2 மி.மீ. ராடு கிடைத்தால் 40 முதல் 50.

6 மி.மீ. பட்டை சூட்டை வாங்கிப் பரப்பிவிடும், பைப்புக்கு அந்த வசதி இல்லை. சூடு ஏறிக்கொண்டே போய், குழம்பு திடீரென்று உள்ளே விழுந்து ஓட்டையாகும். விழுவதற்கு முன் குழம்பு அகன்று, நடுவில் குழிந்து அறிகுறி காட்டும். அதைப் பார்த்ததும் ஆர்க்கை எடுத்துவிடுங்கள். 15, 20 மி.மீ. போட்டு நிறுத்தி, சிவப்பு தணிந்ததும் அடுத்ததைப் போடுவது நல்லது. நிமிர்ந்த மூலைகளில் மேலிருந்து கீழாக வேகமாக இழுத்தால் ஊடுருவல் குறைந்து பைப் தப்பும். பாரம் தாங்கும் கனமான வேலைக்கு அந்த முறை கூடாது, பூந்தொட்டிக்குத் தவறில்லை.

ஆனால் பைப்பில் விழும் ஓட்டைகளில் பெரும்பாலானவை அறுக்கும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. இரண்டு துண்டுக்கும் நடுவில் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழம்புக்குப் பிடிக்க விளிம்பு இல்லை. நான்கு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கமாக அறுங்கள்; ஒரே பக்கத்திலிருந்து வீலை இறக்கினால் அடுத்த பக்கத்தில் கோணும். 45 டிகிரி மூலை அழகுதான், முதல் வேலைக்கு வேண்டாம்.

ஒரே பைப்பில் ஒரு ஸ்டாண்டு

300×300 மி.மீ. மேல்பரப்பு, 450 மி.மீ. உயரம். பூந்தொட்டி வைக்கலாம், மேலே பலகை திருகினால் உட்காரலாம். அறுக்கவேண்டியது: மேல் சட்டத்துக்கு 300-இல் இரண்டு, 250-இல் இரண்டு; கால் 425-இல் நான்கு; கீழ்க் குறுக்குச் சட்டம் 250-இல் நான்கு. மொத்தம் 3.8 மீட்டர். 6 மீட்டர் பைப்பில் இரண்டு மீட்டருக்கு மேல் மிஞ்சும், அதை முதலில் துண்டுபோட்டுப் பழகித் தீர்த்துவிட்டு ஸ்டாண்டுக்கு வாருங்கள். ராடு எட்டு போதும் என்று கணக்கு சொன்னாலும் பதினைந்து எடுத்து வையுங்கள்.

சிமெண்ட் தரைமேல் நேரடியாகப் பற்றவைத்தால் தரை சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும், டைல்ஸ் விரியும். செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு இரும்புத் தகடோ இரண்டு நேரான ஆங்கிளோ போட்டுக்கொள்ளுங்கள். 300 துண்டுகள் இரண்டுக்கும் நடுவில் 250 துண்டுகளை வைத்துச் சதுரமாக்கி, ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு டேக். டேக் என்பது 5 மி.மீ. பொட்டு. ஒரு பொட்டு வைத்ததுமே அது ஆறிச் சுருங்கி மூலையைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே அடுத்த பொட்டு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் ஒரே அளவாக, 424 மி.மீ. வர வேண்டும். நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் முனையில் மரச்சுத்தியலால் தட்டினால் சதுரத்துக்கு வந்துவிடும், முழுதாகப் பற்றவைத்தபின் வராது.

சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு மூலையிலும் கால்களை நிறுத்துங்கள். ஒரு பொட்டு, மூலைமட்டம், தட்டிச் சரிசெய், எதிர்ப்பக்கம் இன்னொரு பொட்டு. மூலைமட்டத்தை இரண்டு திசையிலும் வைக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு மறு திசையில் சாய்ந்த கால்கள் வீட்டுக்கு வீடு உண்டு. காலின் கீழ்முனையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் குறுக்குச் சட்டங்களை வைத்துப் பொட்டிடுங்கள். அதற்கு 100 மி.மீ. மரக்கட்டை நான்கு அறுத்து வைத்துக்கொண்டால் அளக்கவே வேண்டாம். சட்டம் காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு போனால் காலைத் தள்ளாதீர்கள், சட்டத்தை அரை மில்லிமீட்டர் தேயுங்கள்.

நிமிர்த்தி, சமமான இடத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் தவறான டேக்கைக் கிரைண்டரால் வெட்டி மறுபடி வைக்க இதுதான் கடைசி வாய்ப்பு. சரியென்றால் முழு வெல்டிங். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. ஒரு மூலையில் ஒரு பக்கம், பிறகு அதற்கு எதிர் மூலையில் ஒரு பக்கம், பிறகு மற்ற இரண்டு, இப்படிச் சுற்றி வந்தால் ஒரு இழுப்பை மறு இழுப்பு சமன் செய்யும், பைப்பும் ஆறிக்கொள்ளும். பலகை உட்காரும் மேல்பக்க வெல்டிங்கை மட்டும் பிளாப் டிஸ்கால் மட்டமாக்குங்கள். மற்ற இடங்களில் தேய்க்கத் தேய்க்கப் பலம் குறையும். அழகில்லை என்று எல்லா மூலையையும் வழித்துத் தள்ளி, பிறகு விரிசல் விட்டதற்கு ராடைக் குறை சொல்வதைப் பார்க்கிறோம்.

பைப் முனைகளைத் தகடு வைத்து நான்கு பக்கமும் அடைக்கப்போனால் கடைசிப் பொட்டு மூடவே மூடாது. உள்ளே சூடான காற்று விரிந்து குழம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முன்கூட்டியே கண்ணில் படாத இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கேப்பை, பெயின்ட் காய்ந்த பிறகு, அடித்து ஏற்றிவிடலாம்.

தெறித்து ஒட்டிய மணிகளை உளியால் தட்டி, கசடு ஒரு பொட்டுக்கூட இல்லாமல் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். கசடின் மேல் அடித்த பெயின்ட் உரிந்து, அங்கேதான் முதலில் துரு கிளம்பும். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். இந்த ஸ்டாண்டின் மொத்தப் பரப்பு 0.4 சதுர மீட்டர்தான், பிரைமர் 100 மில்லி தாராளம். கடலோர ஊர்களில் தேய்த்த இரும்பை ஒரு இரவுகூட வெறுமையாக விடாதீர்கள், காலையில் பழுப்பேறியிருக்கும்.

அடுத்த வேலைகளாக ஷூ ரேக், கிரைண்டர் வைக்க ஸ்டாண்டு, 40×40 பைப்பில் ஒரு வேலை மேசை எல்லாம் செய்யலாம். ஊஞ்சல் கொக்கி, ஏணி, மாடிக் கைப்பிடி, தண்ணீர் டாங்க் ஸ்டாண்டு, வண்டிச் சட்டம் பக்கம் போகாதீர்கள். 500 லிட்டர் டாங்க் நிறைந்தால் அரை டன். அந்த மாதிரி வேலைகளை முறையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஐ.டி.ஐ.களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி இருக்கிறது.